விட்டுச்சென்றவையும் விடுபட்டவர்களும்

“விலை கொடுத்து வாங்கிய வீட்டில் கிடப்பதெல்லாம் வாங்கியவனுக்கே சொந்தம்” என்பது நம் மக்களிடையே கேள்வியின்றி வழங்கிவரும் ஒரு கொள்கை. கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும் இக்கொள்கை சட்டத்தின் தராசிலும் நில்லாது, அறத்தின் தராசிலும் நில்லாது என்பதே நமது கட்சி.

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் கைமாறிய வீடுகளை மந்திரிக்கச் செல்லும்போதெல்லாம் கொல்லைப்புறத்தில் ஒரு குவியல் நம் கண்ணில் படுகிறது. துருவேறிய ட்ரங்குப் பெட்டி, நைந்த வலை, கை உடைந்த அந்தோணியார் சுரூபம், கண்ணாடி விரிந்த திருமணப் படம், ஈரத்தில் ஊறிப்போன ஞானஸ்நானச் சான்றிதழ். “பழைய வீட்டுக்காரர் விட்டுப்போன குப்பை, சாமி, ஏரியில் கொட்டிவிடுவோம்” என்பர். பித்தளை அண்டா மட்டும் அக்குவியலில் இராது. அது முன்பே அடுப்படிக்குள் குடியேறியிருக்கும். விலை போவது நமக்கு, விலை போகாதது ஏரிக்கு! இதற்குப் பெயர் சொத்துரிமையா?

சட்டம் இவ்வளவு தாராளமானதன்று. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, ஒரு வீடு கைமாறும்போது அதன் பூட்டு, சாவி, தாழ்ப்பாள், கதவு, சன்னல் முதலாக வீட்டோடு நிலையாகப் பயன்படவென அமைந்தவை வாங்கியவரைச் சேரும் என்கிறது. பெட்டியும் படமும் இந்தப் பட்டியலில் இல்லை. பிறர் பொருளைக் கண்டெடுத்துத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர், அடைக்கலமாகப் பெற்ற பொருளைக் காப்பவருக்குரிய கடமைகளுக்கு உட்பட்டவர் என்று 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 71ஆம் பிரிவில் கூறுகிறது. மண்ணுள் மறைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடையதாயின் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்கவேண்டும் என்பது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம். ஆக, வாங்கியவர் வீட்டுக்கு உரிமையாளர். உள்ளே எஞ்சிய பொருளுக்குக் காவலர்.

இந்த உண்மையைச் சட்டப் புத்தகம் பார்த்துத்தான் நம் மீனவர் கற்கவேண்டுமா? அவர்களுடைய பாட்டு முறையே இதைத்தானே போதிக்கிறது! ஏரியில் இறால் மிகும் இடங்கள் எந்தத் தனி மனிதனுக்கும் சொந்தமல்ல. பாட்டு உரிமை உள்ளவர்கள் முறை வைத்து, இன்று ஒருவர், நாளை மற்றொருவர் என வலை கட்டுகின்றனர். தன் முறை முடிந்ததும் அடுத்தவனுக்கு இடத்தை விட்டு நகர்கிறான். நேற்று அங்கே நின்றவனையும் நாளை நிற்கப்போகிறவனையும் மனத்தில் வைத்தே அவன் இன்று நிற்கிறான். நீரில் இத்தனை நேர்த்தியாகக் காக்கும் நெறியை, கரையேறி வீட்டு வாசலை மிதித்தவுடன் கழற்றி வைப்பது என்ன நியாயம்?

தனி வீட்டுக்கு உரியது ஊருக்கும் உரியதே. பழவேற்காடே பலமுறை கைமாறிய ஒரு பெரிய வீடு. போர்ச்சுக்கீசியர் வந்தனர், மகிமை மாதா ஆலயம் அவர்கள் காலத்தின் நினைவாக நம்மிடம் உள்ளது. அவர்களுக்குப்பின் ஒல்லாந்தராகிய டச்சுக்காரர் 1613இல் கெல்திரியா கோட்டையை எழுப்பினர். சோழமண்டலக் கரையில் அவர்களுடைய வணிகத்தின் தலைமை இடமாக 1690 வரை, சிறு இடைவெளி நீங்கலாக, இவ்வூர் விளங்கிற்று. இங்கே அவர்களுக்கு நாணயச்சாலை இருந்தது. வெடிமருந்து ஆலை இருந்தது. இக்கரைத் துணிகள் கப்பலேறிக் கீழ்த்திசைத் தீவுகளுக்குச் சென்றன. 1824இல் இலண்டனில் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, 1825இல் ஊரை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்துவிட்டு அவர்கள் வெளியேறினர்.

அவர்கள் விட்டுச்சென்றவை இன்றும் கிடக்கின்றன. கோட்டை இடிந்து சிதைவாய்க் கிடக்கிறது. அதன் பெயரைக் கோட்டைக்குப்பம் சுமந்துகொண்டிருக்கிறது. வாசலின் இருமருங்கும் எலும்புக்கூடுகள் செதுக்கிய கல்லறைத் தோட்டம், இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. உள்ளே குலச்சின்னமும் பெயரும் தேதியும் பொறித்த பலகைக் கற்கள்.

இவற்றைக் குறித்து இரண்டு குரல்கள் எழக் கேட்கிறோம். “அந்நியன் பிணத்துக்கு நாம் ஏன் காவல்?” என்பது ஒன்று. “எத்தனை அழகிய கலை! சுற்றுலா வளரட்டும்!” என்பது மற்றொன்று. முதற்குரல் குவியலை ஏரியில் கொட்டச் சொல்கிறது. இரண்டாங்குரல் அண்டாவை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்கிறது. இரண்டையும் நாம் மறுக்கிறோம்.

முதற்குரலுக்கு நமது மறுமொழி சுருக்கமானது. நினிவேயில் கேட்பாரற்றுக் கிடந்த உடல்களை உயிருக்குத் துணிந்து அடக்கம் செய்த தோபித்துவை அறப்பணியின் இலக்கணமாகப் போற்றும் நாம், இறந்தவரின் கல்லைப் பெயர்க்க உடன்படுதல் இயலாது.

இரண்டாங்குரலுக்கு மறுமொழி இன்னும் கடினமானது. அந்தக் கல்லறைத் தோட்டத்தில் கற்களை எண்ணிவிடலாம். அங்கே கல் இல்லாதவர்களை யார் எண்ணுவது? இக்கரையிலிருந்து துணி மட்டும் கப்பலேறவில்லை, மனிதரும் ஏற்றப்பட்டனர். பதினேழாம் நூற்றாண்டில் சோழமண்டலத்தைப் பஞ்சம் தாக்கியபோதெல்லாம், குறிப்பாக 1659 முதல் 1661 வரையிலான கொடிய ஆண்டுகளில், பசிக்குத் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்றவர்களை ஒல்லாந்துக் கம்பெனி ஆயிரக்கணக்கில் வாங்கி, இலங்கைக்கும் இன்றைய ஜகார்த்தாவாகிய பத்தாவியாவுக்கும் அனுப்பிற்று. அவ்வணிகத் துறைமுகங்களுள் பழவேற்காடும் ஒன்று. போர்ச்சுக்கீசியரும் இப்பாவத்துக்கு அப்பாற்பட்டவர் அல்லர். ஆலயம் தந்தவர்கள் என்பதால் அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. வாங்கியவனுக்கு வளைவுக் கல்லறை. விற்கப்பட்டவனுக்கு ஒரு செங்கல்லும் இல்லை. சொத்தை ஏற்கும் வாரிசு கடனையும் ஏற்கவேண்டும் அன்றோ? ஊரின் மரபுச் சொத்தை ஏற்பவர், அதில் எழுதாமல் விடப்பட்ட பெயர்களையும் ஏற்றே ஆகவேண்டும்.

பழைய வீட்டுக்காரரே இப்போது தம் கணக்கைத் திறக்கத் தொடங்கியிருக்கிறார். 2022 திசம்பர் 19 அன்று நெதர்லாந்தின் அன்றைய பிரதமர் மார்க் ரூட்டே, அடிமை முறையில் தம் அரசுக்கிருந்த பங்குக்காக மன்னிப்புக் கோரினார். 2023 சூலை முதல் நாள் மன்னர் வில்லெம் அலெக்சாந்தரும் கோரினார். அதே ஆண்டில், 1765இல் கண்டியில் கைப்பற்றப்பட்ட பீரங்கி உள்ளிட்ட ஆறு பொருள்களை இலங்கைக்குத் திருப்பித் தர அந்நாடு முடிவு செய்தது. எடுத்துச் சென்றவர் திருப்பித் தர முன்வரும்போது, பறிகொடுத்த ஊர் தன் இழப்பின் பட்டியலைக்கூட எழுதாமல் இருப்பது தகுமா?

“உயிரோடு இருப்பவன் வயிறு காய்கிறது; முகத்துவாரம் தூர்ந்துபோய்ப் படகு போக வழியில்லை; இதில் முந்நூறு ஆண்டுக்கு முந்தியவனுக்காக அழுவதா?” என்று கேட்பார் உண்டு. வெறுமனே ஒதுக்கத்தக்க கேள்வி அன்று இது. ஆனால் அன்று விற்கப்பட்டவர்கள் யார்? வயிறு காய்ந்தவர்களே. ஏழையின் பசியை இலாபமாக மாற்றிய ஒரு வணிகத்தை மறந்த சமூகம், அதே வணிகம் வேறு வேடத்தில் வரும்போது அடையாளம் காணாது. முன்பணத்துக்குப் பிள்ளையை வேலைக்கு அனுப்பும் கொடுமை நம் மாநிலத்தில் அறவே ஒழிந்துவிட்டது என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லக்கூடியவர் எவர்?

ஆகவே வேண்டுவது இரண்டு. வீடு வாங்குவோர் கிரயப் பத்திரத்தோடு, உள்ளே எஞ்சியிருப்பவற்றுக்கும் ஒரு பட்டியல் எழுதி இருவரும் கையொப்பமிடட்டும். பின்னர்க் கிடைப்பவற்றை விற்றவரிடம் தேடிச் சேர்ப்பிக்கட்டும். சான்றிதழும் படமும் சுரூபமும் முதலில் போகட்டும், அண்டாவும் கூடவே போகட்டும்.

ஊரைப் பொறுத்தவரை, கல்லறைத் தோட்டத்தின் கற்கள் அங்கேயே நிற்கட்டும். ஆனால் கப்பலேற்றப்பட்டவர்களுக்காக ஏரிக்கரையில் ஓர் எளிய கல்லைத் தமிழ் எழுத்தோடு நாட்ட, இந்து, இஸ்லாமியச் சகோதரரோடு சேர்ந்து நாம் முன்வருவோம். அந்தக் கல் எழும் வரை, நவம்பர் 2ஆம் நாள் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றும்போது, குடும்பத்துக்கு ஒரு திரியைத் தனியே எடுத்து ஏரிக்கரையில் ஏற்றிவைப்போம். அவர்களுடைய பெயர்கள் நமக்குத் தெரியா, இறைவனுக்குத் தெரியும்.