புகைபோக்கியை யார் பார்ப்பது?

சில ஆண்டுகளுக்கு முன், சிக்கந்திராபாத் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். முகூர்த்தத்துக்கு அரை மணி இருக்கையில் சமையற்கட்டுப் புகைபோக்கிக்குள் பம்ப் ஸ்டவ் எரிவது போல் பேரிரைச்சல். வெளியே வந்து பார்த்தால் குழாயின் உச்சியில் தீ! அடுப்பு வாயைத் தகரத்தால் மூடிக் காற்றை நிறுத்தினார்கள். ஆள்சேதம் இல்லை, சாப்பாடு மட்டும் மூன்று மணிக்கு.

எல்லோரும் சமையல்காரரைத்தான் திட்டினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

அன்று வந்தது ஈர விறகு. ஈர விறகு தன் சூட்டில் ஒரு பங்கைத் தன் நீரை ஆவியாக்கவே செலவழித்துவிடும். புகை ஆறிப்போய்க் குழாய்ச் சுவரில் பட்டு, சுமார் 120 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பிசினாகப் படியும். இதற்குக் கிரியோசோட் என்று பெயர். (பழைய மரச் சிலீப்பர்களுக்குப் பூசுவார்களே, அதற்கும் இதே பெயர்தான், ரயில்வே அன்பர்களுக்குத் தெரிந்திருக்கும். அது நிலக்கரித் தாரிலிருந்து வருவது.) முதலில் உதிரிக் கரி, பிறகு செதில், கடைசியில் கண்ணாடி போல் மினுங்கும் பூச்சு. பூச்சாகிவிட்டால் பிரஷ்ஷுக்கு மசியாது. ஒரு பெருந்தீயில் அத்தனையும் பற்றிக்கொள்ளும். மூன்று மில்லிமீட்டர் படிந்தாலே சுரண்டிவிட வேண்டும் என்பது கணக்கு.

நம் ஊரில் ரமலான் மாத ஹலீம் பட்டிகளும் விறகில்தான் மணிக்கணக்காக, சிறுதீயில் வேகின்றன. ஆனால் அவை பெரும்பாலும் திறந்தவெளியில். புகை தன் வழியே போய்விடும். நாமோ அடுப்பை நான்கு சுவருக்குள் வைத்துத் தகரக் குழாயை மாட்டிவிட்டு, மேலே எட்டிப் பார்ப்பதில்லை.

யார் பார்ப்பது? சமையல்காரர் ஒருநாள் விருந்தாளி. நாமும் ஒருநாள் வாடகைக்காரர்கள். குழாய் மட்டும் ஆண்டு முழுவதும் அங்கேயே நிற்கிறது. ஆகவே அது மண்டபக்காரர் பொறுப்பு. கேட்டு வாங்குவது நம் பொறுப்பு. ஏ.சி. உண்டா, கார் நிறுத்த இடம் உண்டா என்று கேட்கிற நாம் இதைக் கேட்டதுண்டா? கேஸ் வந்த பிறகும் 'விறகடுப்புச் சமையல் ருசியே தனி' என்று பிடிவாதம் பிடிப்பவர்களும் நாம்தான். காய்ந்த விறகுக்கு விலை அதிகம் என்றால் முகம் சுளிப்பவர்களும் நாம்தான்.

தை முகூர்த்தத்துக்கு மண்டபம் பேசப் போகிறவர்கள், முன்பணம் கொடுக்குமுன் இரண்டு கேள்வி கேளுங்கள். புகைபோக்கியைக் கடைசியாக எப்போது சுரண்டினீர்கள்? விறகு பிளந்து, மழைபடாமல் ஆறு மாதமாவது காய்ந்ததா?