சேஃப்டி டிப்ளமோ விற்பனைக்கா?

வகுப்புக்கு வர வேண்டாம், தேர்வை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று ஆசை காட்டி, தொழிற்பாதுகாப்பு டிப்ளமோவைக் கூவி விற்கும் பயிற்சி நிலையங்களை வன்மையாகக் கண்டிக்கிறோம். கண்டும் காணாமல் இருக்கும் அரசுத் துறைகளுக்கும் இந்தக் கண்டனத்தில் பங்கு உண்டு.

வளைகுடா வேலைக்கு நம் பிள்ளைகள் முதலில் எடுப்பது நெபோஷ் என்ற பிரிட்டிஷ் தேர்வு அமைப்பின் சர்வதேசப் பொதுச் சான்றிதழ். சில ஆண்டுகள் சைட்டில் நின்றபின், மேனேஜர் பதவியை நினைத்து அடுத்த படியான டிப்ளமோவுக்குப் போகிறார்கள். புத்தகத்தைப் பார்த்தே எழுதும் தேர்வுமுறை 2020-இல் வந்தது. படித்ததைப் பணியிடத்தோடு பொருத்திப் பார்க்கத் தெரிகிறதா என்று சோதிப்பதே அதன் நோக்கம். அதைப் பயன்படுத்திக்கொண்டு, கூலிக்கு ஆள் வைத்து விடை எழுதித் தருகிறார்கள். நகையை அடகு வைத்துப் பணம் கட்டிய குடும்பத்துக்குக் கிடைப்பது வெறும் காகிதம்.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்பவர்கள் ஒரு ஒர்க் பெர்மிட்டை எடுத்துப் பார்க்கட்டும். தொட்டிக்குள் ஆள் இறங்குமுன் ஆக்சிஜன் அளவை எழுத அதில் ஒரு கட்டம் இருக்கும். 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ஆளை இறக்கக் கூடாது. மூடியைத் திறக்காமலேயே 20.9 என்று நிரப்பிக் கையெழுத்துப் போடுபவர் எழுதியது வெளிக்காற்றின் அளவை. வாய்ப்பகுதியில் மட்டும் அளந்தாலும் போதாது. ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, அடியில் தேங்கும். அளவு மிகுந்தால் மூக்கு மரத்து, வாடையே தெரியாமல் போகும். உள்ளே ஒருவர் சாய்ந்ததும், தூக்கிவிட இறங்கும் அடுத்தவரும் சாய்வார். இதெல்லாம் தெரிந்தவர்தான் ப்ராஜெக்ட் மேனேஜர் அவசரப்படுத்தினாலும் வேலையை நிறுத்துவார். விடையை விலைக்கு வாங்கியவருக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வரும்?

உள்நாட்டிலும் இதே கவலைதான். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 1,000 தொழிலாளர் இருந்தால் பாதுகாப்பு அதிகாரி வேண்டும் என்றது. 2020-ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அதை 500 ஆகவும், அபாயகரமான தொழில்களில் 250 ஆகவும் குறைத்திருக்கிறது. நல்ல மாற்றம். ஆனால் பணியிடங்கள் கூடும்போது போலிக் காகிதத்துக்கும் கிராக்கி கூடும். தரமணியிலுள்ள மண்டலத் தொழிலாளர் நிலையத்தில் ஓராண்டு உட்கார்ந்து படித்தவரும், வகுப்பையே பார்க்காதவரும் ஒரே வரிசையில் நிற்பதை எப்படி ஏற்பது?

தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம், அங்கீகாரம் பெற்ற நிலையங்களின் பட்டியலை மாவட்டந்தோறும் விளம்பரப்படுத்த வேண்டும். விடை விற்போர் மீது மோசடி வழக்குத் தொடுக்க வேண்டும். பாதுகாப்பு அதிகாரி நியமனத்தை ஏற்குமுன் அவரைத் தொழிற்கூடத்துக்கே அழைத்துச் சென்று, மீட்டரைக் கையில் கொடுத்துச் சோதிக்க வேண்டும். நிறுவனங்களுக்கும் சொல்கிறோம்: டிப்ளமோ படிக்கும் ஊழியருக்குச் சம்பளத்தோடு விடுப்புக் கொடுங்கள், கட்டணத்தை நீங்களே கட்டுங்கள்.