கறுப்பனும் கியெரனும்

ஹேவாஹெட்ட மலைப்பகுதியிலே லூல்கந்துரத் தோட்டம் உளது. 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொத்லாந்து நாட்டவர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட இடம் அதுவே. லூலா என்பது விரால் மீனைக் குறிக்கும் சிங்களச் சொல். கந்துர என்பது ஓடை. துரைமார் பலர் தம் தோட்டங்களுக்குத் தாய்நாட்டு ஊர்ப் பெயர்களைச் சூட்டிய அந்நாளிலும் இவ்வோடை தன் பெயரை இழந்திலது. ஆனால், அம்மலைகளிற் கொழுந்து கிள்ளியோர் பெயர்களோ, இன்று அவர்தம் பேரப்பிள்ளைகளின் நாவில் வரவே கூசுகின்றன. இதுபற்றிச் சில சொல்ல விழைகின்றோம்.

சில ஆண்டுகளின் முன் பரிசளிப்பு விழாவுக்குப் பெயர்ப்பட்டியல் எழுதிக்கொண்டிருந்தோம். தமிழிற் பரிசு பெறவிருந்த மாணவன் ஒருவன் தயங்கித் தயங்கி வந்தான். "சேர், அப்பாவின் பேரை முழுக்க வாசிக்க வேண்டாம். 'க' என்று மட்டும் போடுங்கள்" என்றான். தந்தையின் பெயர் கறுப்பையா. பிள்ளையின் மனம் நோகலாகாது என்று அவ்வாறே எழுதினோம். விழாவன்று அவன் மேடையேறியபோது, மண்டபத்தின் கடைசி வரிசையில் அத்தந்தை எழுந்து நின்று கைதட்டினார். நாம் செய்தது பிழையென்பதை அக்கைதட்டலே எமக்கு உணர்த்திற்று.

பின்னொருநாள் அதே மாணவனைக் கண்டோம். தமக்கைக்கு ஆண்மகவு பிறந்திருப்பதாயும், 'கியெரன்' என்று பெயரிட்டிருப்பதாயும் மகிழ்வோடு கூறினான். பொருள் யாதென வினவினோம். "பொருள் தெரியாது சேர், கேட்க நாகரிகமாக இருக்கிறது" என்றான்.

அப்பெயரின் வரலாறு சுவையானது. கியெரன் என்பது அயர்லாந்தின் தொன்மையான கெல்ட்டியப் பெயர்களுள் ஒன்று. 'கியர்' என்னும் பழைய ஐரிசுச் சொல்லுக்குக் கருமை என்பதே பொருள். அதனோடு சிறுமையும் அன்பும் குறிக்கும் விகுதி சேர்ந்து கியெரன் ஆயிற்று. 6ஆம் நூற்றாண்டில் ஷனொன் ஆற்றங்கரையிற் புகழ்மிக்க மடமொன்றை நிறுவிய துறவியும் இப்பெயரினரே. ஆகவே, கியெரன் என்பான் யார்? சின்னக் கறுப்பன்! பாட்டனின் பெயரை வாயிலால் வெளியேற்றிவிட்டு, அதே பெயரைக் கடல்கடந்து தேடிப்போய்ப் பலகணி வழியே உள்ளே அழைத்திருக்கின்றோம்.

இஃது ஒன்று மட்டுமன்று. ஸ்கொத்லாந்தின் மன்னர் நால்வர் தாங்கிய பெயர் மல்கம். கொலும்பா என்னும் துறவியின் அடியவன் என்பது அதன் பொருள். அடியவன் எனப் பொருள்பட நிற்கும் முதற்பகுதி, அடிப்பொருளில் மழித்த தலையைக் குறிப்பது. எம் மலையகத்து மொட்டையாண்டி என்னும் பெயரைக் கேட்டு நகைப்போர் இதனைச் சற்றே சிந்திப்பாராக. பழநியாண்டவன் முன் மழித்த தலையும், கொலும்பாவின் பெயரால் மழித்த தலையும் பக்தியால் ஒன்றேயன்றோ?

கருமையை இழிவெனக் கொண்டது தமிழ் மரபுமன்று. தொல்காப்பியம் முல்லை நிலத்துக்குக் கூறும் தெய்வம் மாயோன், அவனும் கரியவனே. கிருஷ்ணன் என்னும் வடசொற்கும் கரியவன் என்பதே பொருள். கிருஷ்ணனை வணங்கிக் கியெரனைக் கொஞ்சும் நாம், கறுப்பனை மட்டும் ஒளிப்பது எந்த நியாயம்?

தம் பெயருக்குத் தாமே நாணும் நிலை அயர்லாந்து மக்களுக்கும் ஒருகாலத்தில் நேர்ந்தது. பள்ளியில் ஐரிசு பேசிய சிறுவர் தண்டிக்கப்பட்டனர். டியர்மிட் என்னும் பெயரினர் ஏடுகளில் ஜெரமையா ஆயினர். 1893ஆம் ஆண்டில் டக்ளஸ் ஹைட் முதலியோர் கேலிக் கழகம் நிறுவி மொழியை மீட்க முனைந்தபின், பழம் பெயர்களும் வீடுகளுக்குத் திரும்பின. அந்த ஹைட்டே 1938இல் அந்நாட்டின் முதற் சனாதிபதியானார். டக்ளஸ் என்பதற்குக் கருநீரோடை என்று பொருள். தமிழகத்திலே வேதாசலம் 1916இல் மறைமலை ஆனதும் இத்தகைய உணர்ச்சியாலன்றோ?

"பிச்சை, குப்பை என்று பெயரிட்டால் பிள்ளை எப்படித் தலைநிமிர்வான்?" என்பார் உளர். அவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. முன்பிறந்த மகவுகளைப் பறிகொடுத்த தாய், இதுவாவது தங்கட்டும் என்று இட்ட பெயர்கள் அவை. அவற்றுட் கண்ணீர் உண்டு, இழிவு இல்லை. ஆயினும் அச்சுமையைச் சுமக்கவியலாது பெயர் மாற்றுவோரைக் குறைகூறோம். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராகிய எம்மவருக்கு, செக்றோலிலும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்திலும் பெயர் ஓரெழுத்து மாறி நிற்பதும் இடுக்கணாயிற்று. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்தோரும் உளர். பெயரால் துன்புற்ற மக்களுக்குப் பெயரைப் பற்றி அறிவுரை கூறுவது எளிதன்று.

ஆதலின், கியெரன் என்று பெயரிடலாகாது என்பது எம் கருத்தன்று. அழகிய பெயர் அது. பொருளறிந்து இடுக என்பதே எம் வேண்டுகோள். அப்பிள்ளை வளர்ந்து பொருள் வினவும்போது, "உன் பாட்டனார் பெயரும் இதுவேயடா" என்று சொல்லத் தாய்க்குத் தெரிந்திருத்தல் வேண்டும். மாணவர்காள், உங்கள் முதலெழுத்தின் பின்னே ஒரு மனிதர் நிற்கின்றார்; பெரட்டுக்களத்தில் அப்பெயருக்கு "ஆம்" என்று குரல்கொடுத்தே உங்களைப் பள்ளிக்கு அனுப்பியவர் அவர்.

இனியொரு பரிசளிப்பு விழாவின் பட்டியல் எம் கைக்கு வருமாயின், தந்தையின் பெயரை முழுமையாகவே எழுதுவோம். எழுதுமுன் அதன் பொருளை அம்மாணவனுக்கு எடுத்துரைப்போம்.