கண்காணிப்பாளரை மாற்றினால் இல்லம் மாறுமா?

செய்தி ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரிதான் வருகிறது. ஏதோ ஒரு விடுதியில், ஏதோ ஒரு இல்லத்தில் ஒரு குழந்தைக்கு ஏதோ நடந்துவிடுகிறது. மறுநாள் கண்காணிப்பாளர் பணியிடை நீக்கம். அடுத்த வாரம் புதிய பொறுப்பாளர். சுவருக்கு வெள்ளையடிக்கிறார்கள், கேமரா மாட்டுகிறார்கள், அதிகாரிகள் ஆய்வுக்கு வருகிறார்கள். பிறகு அந்த இல்லத்தின் பெயர் நம் காதில் விழுவது அங்கே இன்னொரு குழந்தைக்கு ஏதாவது நடக்கும்போதுதான்.

கே.கே. நகரில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் எங்கள் வட்டத்தில் சமூகப்பணி படிக்கும் மாணவர்கள் அதிகம். களப்பணிக்காகக் குழந்தைகள் இல்லங்களுக்கும் விடுதிகளுக்கும் போய் வருகிறவர்கள். "தலைமை சரியில்லை, ஆளை மாற்றினால் சரியாகிவிடும்" என்ற பேச்சு அவர்களிடமும் வருகிறது. இது பாதி உண்மை. பாதி உண்மையை முழு உண்மை என்று நம்பி நாம் போராட்டத்தை முடித்துக்கொள்வதுதான் அரசுக்கு வசதி. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

2022 டிசம்பர் 31 அன்று செங்கல்பட்டு அரசு கூர்நோக்கு இல்லத்தில் இருந்த 17 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். பேட்டரி திருடியதாகச் சொல்லி ரயில்வே போலீஸ் பிடித்துக்கொண்டு வந்த பையன். இல்லத்துக்குள் வந்து சில நாள்கூட ஆகவில்லை. உடம்பெல்லாம் அடிபட்ட காயங்கள். 2023 ஜனவரியில் கண்காணிப்பாளர் உட்பட ஊழியர்கள் ஆறு பேர் கைது செய்யப்பட்டார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை ஒருநபர் குழுவாக அரசு நியமித்தது. அவர் தமிழ்நாட்டு இல்லங்களை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார்.

அந்த 'ஆறு பேர்' என்ற எண்ணிக்கையைக் கொஞ்சம் யோசியுங்கள். ஒருவர் என்றால் அவர் கெட்டவர் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆறு பேர் என்றால் அந்த இல்லத்தின் நடைமுறையே கேள்விக்கு வருகிறது. அவர்களை யார், எந்தத் தகுதியின் பேரில் எடுத்தார்கள்? பயந்து நிற்கும் குழந்தையிடம் எப்படிப் பேசுவது என்று யாராவது அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்களா? இரவுப் பணியில் இருந்தவர்களை யார் கவனித்தார்கள்? கண்காணிப்பாளரை மட்டும் மாற்றினால் இந்தக் கேள்விகள் எல்லாம் பழைய கோப்போடு மூடப்பட்டுவிடும்.

இது எப்படி நம் பிரச்சினை என்று கேட்கிறவர்கள் உண்டு. செங்கல்பட்டில் 'சீர்திருத்தப் பள்ளி' வந்தது 1887-இல். ஏழைப் பிள்ளைகளைப் பூட்டி வைத்துத் திருத்தலாம் என்ற எண்ணமும், சில சமூகங்கள் பிறவியிலேயே குற்றவாளிகள் என்று எழுதிய 1871 குற்றப் பரம்பரைச் சட்டமும் ஒரே காலத்துச் சரக்கு. அந்தச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. சட்டம் ரத்தாகிப் பல பத்தாண்டுகள் ஆகியும், திருட்டு நடந்தால் போலீஸ் ஜீப் முதலில் எந்தத் தெருவுக்குள் நுழைகிறது என்பது நமக்குத் தெரியும். 2011 கணக்கெடுப்புப்படி இந்திய மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு. சிறைகளில் நம் பங்கு 20 விழுக்காட்டைத் தாண்டி நிற்கிறது. 2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், சிறைக்குள் சாதி பார்த்துச் சமையலும் துப்புரவும் பிரித்துக்கொடுப்பது அரசமைப்புக்கு விரோதம் என்று சொல்ல வேண்டியிருந்தது. குடியரசாகி 74 ஆண்டுகளுக்குப் பிறகு! பெரியவர்களின் சிறையில் இந்த நிலை என்றால், சிறுவர்களின் இல்லத்தில் சாதி வாசலிலேயே நின்றுவிடும் என்று நம்ப நமக்கு என்ன காரணம் இருக்கிறது?

தலைமை மாற்றம் பற்றித் தமிழ்நாட்டுக்கு ஒரு பழைய பாடம் உண்டு. அதில் நம் திருச்சிக்கும் பங்கு இருக்கிறது. வரகனேரிக்காரரான வ.வே.சு. ஐயர் சேரன்மாதேவியில் ஒரு குருகுலம் நடத்தினார். தேசத்துக்குப் புதிய மனிதர்களை உருவாக்கும் சிறிய உறைவிடப் பள்ளி என்று சொல்லப்பட்டது. காங்கிரஸ் பணமும் பொதுமக்கள் பணமும் அதற்குப் போனது. ஆனால் பந்தியில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனி இடம். பெற்றோருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்பது ஐயரின் பதில். பெரியாரும் வரதராசுலு நாயுடுவும் எதிர்த்தார்கள். 1925 ஏப்ரலில் திருச்சியில் கூடிய தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி, பிறப்பால் வேற்றுமை பாராட்டக்கூடாது என்று எஸ். ராமநாதன் கொண்டுவந்த தீர்மானத்தை நிறைவேற்றியது. அதை ஏற்காத ராஜாஜி போன்றவர்கள் கமிட்டியிலிருந்து விலகினார்கள். ஐயரும் குருகுலப் பொறுப்பிலிருந்து விலகினார். அவருக்குப் பின் பொறுப்புக்கு வந்தவர் மகாதேவ ஐயர்.

அந்தக் குருகுலத்தில் தலைவரின் நாற்காலியைவிடச் சமையற்கட்டுக்குப் பலம் அதிகம். யார் கோபித்துக்கொண்டால் பள்ளி நடக்காதோ, அவர்கள் சொன்னபடிதான் இலை போடப்பட்டது. இன்னொன்றும் உண்டு. அந்தச் சண்டையைப் பார்ப்பனர், பார்ப்பனரல்லாதார் பந்திப் பிரச்சினையாக வரலாறு நினைவில் வைத்திருக்கிறது. சேரிப் பிள்ளைக்கு அந்தப் பந்தியில் இலை உண்டா என்ற கேள்வி அதில் எங்கோ ஒரு ஓரத்தில் நிற்கிறது.

அதே 1925-ஆம் ஆண்டு ஜனவரியில் அண்ணல் அம்பேத்கரின் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை சோலாப்பூரில் ஒரு மாணவர் விடுதியைத் திறந்தது. அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1916-இல், சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கிவிட்டார். பந்தியில் இடம் கேட்டுக் காத்திருக்காமல் நம்மவர்கள் தாங்களே உலை வைத்த இடங்கள் அவை. பொறுப்பு யாரிடம் இருக்க வேண்டும் என்று பேசும்போது நாம் நினைத்துப் பார்க்க வேண்டிய முன்னுதாரணம் இதுதான்.

நூறு ஆண்டு ஆகியும் அடுப்படிப் பிரச்சினை தீரவில்லை. 2018-இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே ஒரு அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக்கூடாது என்று சாதி இந்துப் பெற்றோர் கூடி நின்றார்கள். அதிகாரிகள் உடனே செய்தது அந்தப் பெண்ணை இடமாற்றியது. போராட்டத்துக்குப் பிறகுதான் அந்த உத்தரவை ரத்து செய்தார்கள். 2023-இல் நமக்குப் பக்கத்து மாவட்டமான கரூரில், தலித் பெண் சமைத்த காலை உணவைச் சில குழந்தைகள் சாப்பிட மறுத்தார்கள். ஆட்சியர் நேரில் போய் உட்கார்ந்து சாப்பிட வேண்டி வந்தது. அரசு மொழியில் 'பணியாளர் மாற்றம்' என்றால் என்ன என்று அவிநாசி காட்டிவிட்டது. யாரால் எதிர்க்க முடியாதோ அவரைத்தான் முதலில் மாற்றுவார்கள்.

பெயரை மாற்றுவதில் மட்டும் அரசு தாமதிப்பதில்லை. சமூகப் பாதுகாப்புத் துறை, குழந்தைகள் நலன் மற்றும் சிறப்பு சேவைகள் துறை ஆனது. 2025 ஜூலையில் அரசு மாணவர் விடுதிகள் அனைத்தும் 'சமூகநீதி விடுதிகள்' ஆயின. சாதிப் பெயர் பலகையிலிருந்து போவது நல்லதுதான், அதை நாங்கள் எதிர்க்கவில்லை. ஆனால் பலகையைக் கடந்து உள்ளே போனால் என்ன இருக்கிறது? இரவில் காய்ச்சலில் முனகும் பிள்ளையின் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? பேச ஆளில்லாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் பையனிடம் பேச மனநல ஆலோசகர் இருக்கிறாரா, வாரம் ஒரு நாள் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறாரா?

இளைஞர் நீதிச் சட்டம் 2015 இந்த இல்லங்களைத் தண்டனை இடங்களாகப் பார்க்கவில்லை. ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் போட வேண்டும், ஆலோசனை, கல்வி, தொழில் பயிற்சி தர வேண்டும் என்கிறது. அப்படியென்றால் அங்கே காவலாளியைவிட ஆலோசகரும், நன்னடத்தை அலுவலரும், இல்லத் தாய் தந்தையராக இருக்கிறவர்களும்தான் முக்கியம். நடைமுறையில் குழந்தைப் பாதுகாப்புத் திட்டப் பணியிடங்கள் பல, தொகுப்பூதிய ஒப்பந்தத்தில் ஓடுகின்றன. நாளை வேலை இருக்குமா என்று தெரியாதவர் இன்று நடந்த அடியைப் பற்றி மேலிடத்தில் புகார் எழுதுவாரா? ஒரு குழந்தை ஒருவரை நம்பத் தொடங்கும்போது அவருடைய ஒப்பந்தம் முடிந்துபோகிறது. அடுத்து வருகிறவரிடம் அது மறுபடியும் முதலிலிருந்து தன் கதையைச் சொல்ல வேண்டும். அந்தக் குழந்தை எத்தனை முறை சொல்லும்?

ஒரு தலித் அதிகாரியைக் கண்காணிப்பாளராகப் போட்டால் போதாதா என்று கேட்கலாம். போட வேண்டும். பொறுப்பில் நம்மவர்கள் இல்லாத இடத்தில் நம் பிள்ளைகளின் வலி குறிப்பேட்டில்கூட ஏறாது. நாங்குநேரியில் தலித் மாணவர் வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட இன்னொரு சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. ஒரு பகுதியில் ஆதிக்கம் செலுத்தும் சாதியைச் சேர்ந்தவரை அங்கேயே தலைமை ஆசிரியராகவோ கல்வி அலுவலராகவோ நியமிக்கக்கூடாது என்று அது பரிந்துரைத்தது. நியமனத்தில் சாதிக்கு வேலை இருக்கிறது என்று ஓர் அரசுக் குழுவே ஒப்புக்கொண்டதாகத்தான் இதை நாங்கள் பார்க்கிறோம். ஆனால் பாதிப் பணியிடம் காலியாக இருக்கும் இல்லத்தில், அதிகாரம் எதுவும் கொடுக்காமல் ஒரு தலித்தைக் கொண்டுபோய் உட்காரவைத்தால், அடுத்த விபத்துக்குப் பலியாடு தயார் என்றுதான் அர்த்தம்.

பொறுப்பு ஒரே நாற்காலியில் தங்கக்கூடாது என்று விதிகளை எழுதியவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. 2016 மாதிரி விதிகளின்படி ஒவ்வொரு இல்லத்திலும் ஒரு மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். குழந்தைகளே உறுப்பினர்களாக உள்ள குழந்தைகள் குழுக்களும் இருக்க வேண்டும். குழந்தைகள் தங்கும் இடத்துக்குப் பக்கத்தில், அலுவலகத்திலிருந்து தள்ளி ஒரு ஆலோசனைப் பெட்டி வைக்க வேண்டும். அதன் சாவி கண்காணிப்பாளரிடம் இருக்கக்கூடாது. மேலாண்மைக் குழுத் தலைவரான மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரிடம் இருக்க வேண்டும். வாரந்தோறும் குழந்தைகள் முன்னிலையில் அதைத் திறக்க வேண்டும்.

களப்பணிக்குப் போகும் தோழர்களே, அடுத்த முறை அந்தப் பெட்டி எங்கே என்று பாருங்கள். சாவி யாரிடம் என்று கேளுங்கள். குழந்தைகள் குழு கடைசியாக எப்போது கூடியது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். உங்கள் மாவட்டத்தில் உள்ள ஒவ்வொரு இல்லத்துக்கும் விடுதிக்கும் அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, நிரப்பியது எத்தனை, அதில் ஒப்பந்தம் எத்தனை, பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எத்தனை பேர், கடந்த மூன்று ஆண்டுகளில் கண்காணிப்பாளர் எத்தனை முறை மாறினார் என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டியது அவர்கள் கடமை. குழந்தைகளின் பெயரையோ படத்தையோ மட்டும் எங்கும் வெளியிடாதீர்கள். சட்டமும் அதைத் தடுக்கிறது, நம் மனசாட்சியும் தடுக்க வேண்டும்.

கோரிக்கைகளைச் சுருக்கமாக வைக்கிறோம். ஆலோசகர், நன்னடத்தை அலுவலர், இரவுப் பொறுப்பாளர் பணியிடங்களை இடஒதுக்கீட்டோடு நிரந்தரமாக நிரப்ப வேண்டும். இல்லங்களில் இருக்கும் குழந்தைகளின் சமூகப் பின்னணியை, பெயர் அடையாளம் இல்லாமல், ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். ஆய்வுக் குழுக்களில் தலித், பழங்குடிச் சமூகச் செயல்பாட்டாளர்களைச் சேர்க்க வேண்டும். இந்த மூன்றும் நடக்கும்வரை "புதிய கண்காணிப்பாளர் பொறுப்பேற்றார்" என்ற செய்தியைக் கேட்டு நாம் வீட்டுக்குத் திரும்பக்கூடாது.

ஜெய் பீம்.