அந்த மேசையில் நானும் இருந்தேன்



கொஞ்சம் நீண்ட பதிவு. கடைசி வரை வாசித்துவிட்டு கமெண்ட் போடுங்கள்.

போன வாரம் என் தங்கச்சியின் மகன் ஹொங்கொங்கிலிருந்து முகநூலில் ஒரு படம் போட்டிருந்தான். சீன உணவகமொன்றில் ஒரு வட்ட மேசை. மேசை நிறைய மூங்கில் கூடைகள். அவனோடு வேலை செய்யும் சீன நண்பர், அவருடைய தாய், மனைவி, இரண்டு பிள்ளைகள். "ஞாயிறு காலை யம் சா" என்று கீழே எழுதியிருந்தான்.

ஒரு மணித்தியாலத்துக்குள் நம்ம ஊர் ஆட்கள் எழுதத் தொடங்கிவிட்டார்கள். "பன்றி ருசி எப்படி?" என்று ஒருவர். "காசு வந்ததும் மார்க்கம் போய்விட்டது" என்று இன்னொருவர். "சீனன் சாப்பாடு என்றாலே ஹராம்தானே" என்று வேறொருவர். இரவாவதற்குள் அந்தப் படம் இரண்டு வட்ஸ்அப் குழுமங்களில் சுற்றியது. அவன் படத்தை நீக்கிவிட்டான். தங்கச்சி அடுத்த நாள் சுபஹுக்குப் பிறகு என் வீட்டுக்கு வந்து, "காக்கா, நம்மட புள்ள அப்படிச் செய்வானா?" என்று கேட்டு அழுதாள்.

அந்தப் படத்தில் நான் இல்லை. காரணம், அதை எடுத்தவன் நான். டிசம்பர் விடுமுறையில் மருமகன் டிக்கட் எடுத்துத் தந்து என்னை அங்கே அழைத்திருந்தான். அந்த மேசையில் நானும் இருந்தேன். அதனால் நடந்ததைச் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது.

முதலில் யம் சா என்றால் என்ன என்று சொல்கிறேன். கன்டனீஸ் மொழியில் அதன் பொருள் "தேநீர் குடிப்பது". அவ்வளவுதான். தேநீரோடு வரும் சின்னச் சின்னத் தீன்களுக்குத்தான் டிம் சம் என்று பெயர். நம்ம தேத்தண்ணிக் கடையில் பிளேன்டீ கேட்டால், ஒரு தட்டில் ரோல்ஸ், கட்லட், வடை எல்லாம் கொண்டுவந்து வைத்துவிட்டு, சாப்பிட்டதற்கு மட்டும் காசு வாங்குவார்களே, கிட்டத்தட்ட அதே மாதிரி. முன்பெல்லாம் கூடைகளைத் தள்ளுவண்டியில் மேசை மேசையாகக் கொண்டுவருவார்களாம். இப்போது பெரும்பாலான இடங்களில் ஒரு தாளில் அடையாளம் போட்டுக் கொடுக்க வேண்டும்.

உட்கார்ந்ததும் நண்பரின் தாய் சுடுதேநீரை ஊற்றிக் கோப்பைகளையும் சாப்பிடும் குச்சிகளையும் கழுவினார். அது அங்கே வழக்கம். பிறகு எல்லோருக்கும் ஊற்றிவிட்டு, தனக்குக் கடைசியாக ஊற்றிக்கொண்டார். ஒருவர் நமக்கு ஊற்றும்போது இரண்டு விரலால் மேசையை மெதுவாகத் தட்டினால் அது நன்றி. கேத்தலின் மூடியைச் சற்றுத் திறந்து வைத்தால், கேட்காமலே சுடுதண்ணீர் ஊற்றிவிட்டுப் போவார்கள். சுற்றிலும் பார்த்தேன். பாட்டன், பாட்டி, பேரப்பிள்ளைகள் என்று மூன்று தலைமுறை ஒரே மேசையில். பத்திரிகையோடு தனியாக உட்கார்ந்திருந்த வயோதிபர்களும் இருந்தார்கள். யாருக்கும் அவசரம் இல்லை.

இனி சாப்பாட்டு விஷயம். இதில் நான் எதையும் மறைக்கப் போவதில்லை. அந்தக் கூடைகளில் இருந்தவற்றில் பெரும்பாலானவை நமக்கு ஆகாதவை. சா சியூ பாவ் என்கிற வெள்ளை பணிஸுக்குள் இருப்பது பன்றி இறைச்சி. சியூ மாயில் பன்றியும் இறாலும் கலந்திருக்கும். தாமரை இலையில் சுற்றிய கோழிச்சோற்றிலும், முள்ளங்கிக் கேக்கிலும் சீனச் சொசேஜ் துண்டுகள் போடுவார்கள். வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் முக்கியமாக அறிய வேண்டியது ஹா காவ் பற்றி. கண்ணாடி மாதிரி மாவுக்குள் இறால் தெரியும். "இறால்தானே" என்று எடுத்துவிடத் தோன்றும். ஆனால் மென்மைக்காக உள்ளே பன்றிக் கொழுப்பைச் சேர்ப்பது பழைய வழக்கம். மாவிலும் சிலர் சேர்ப்பார்கள். முட்டை டார்ட்டின் மாவிலும் பன்றிக் கொழுப்பு இருக்கலாம். இறைச்சியை ஊறவைக்க அரிசி மது சேர்ப்பதும் உண்டு. ஆகவே "பன்றி இறைச்சி இல்லை" என்ற பதில் போதாது. கொழுப்பு எது, மது சேர்த்ததா, அறுத்தது யார் என்று மூன்றையும் கேட்க வேண்டும்.

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும்? மருமகன்தான் போகும் வழியில் ரயிலில் வைத்துச் சொன்னான். அவன் அங்கே போன முதல் மாதமே நண்பரிடம் விளக்கமாகச் சொல்லிவிட்டானாம்: "நான் வருகிறேன், ஆனால் தேநீர் மட்டும்தான் குடிப்பேன், கோபிக்க வேண்டாம்."

அன்று அவனும் நானும் குடித்தது செவ்வந்திப் பூத் தேநீர். நாலு கோப்பை இருக்கும். வேறு எதுவும் தொடவில்லை. நண்பரின் தாய்க்குத்தான் மனம் கேட்கவில்லை. விருந்தாளி வெறும் வயிற்றோடு இருக்கிறாரே என்று தன் கைப்பையிலிருந்து இரண்டு தோடம்பழங்களை எடுத்து, எங்கள் முன்னால் வைத்து, உரித்துச் சாப்பிடும்படி கையால் சைகை காட்டினார். எங்கள் உம்மும்மா இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்.

"தேநீர் குடிப்பது" என்று பெயருள்ள ஓரிடத்துக்குப் போய் அவன் தேநீர் குடித்தான். அதற்குத்தான் நாம் அவனுக்குப் பன்றிப் பட்டம் கொடுத்திருக்கிறோம்.

அடுத்த வாரம் அவன் அந்தக் குடும்பத்தை வான் சாய்க்கு அழைத்துப் போனான். அங்கே ஒய் குவான் வீதியில் அம்மார் பள்ளிவாசலும் இஸ்லாமிய நிலையமும் ஒரே கட்டிடத்தில் இருக்கின்றன. ஐந்தாம் மாடியில் உள்ள சாப்பாட்டுச் சாலையில் மதிய வேளையில் ஹலால் டிம் சம் கிடைக்கும். அதே மூங்கில் கூடைகள், அதே ஆவி, பன்றிக்குப் பதிலாகக் கோழியும் மாட்டிறைச்சியும். முஸ்லிம் அல்லாத உள்ளூர்ச் சீனர்களும் அங்கே வந்து சாப்பிடுகிறார்கள். அந்தத் தாய் கூடை கூடையாக எடுத்து என் தட்டில் வைத்துக்கொண்டே இருந்தார். காசு யார் கொடுப்பது என்று கடைசியில் இழுபறி. மருமகன் முன்கூட்டியே கொடுத்துவிட்டான். அவர் பொய்க்கோபத்தோடு அவன் தோளில் தட்டினார்.

"சீனன் சாப்பாடு என்றாலே ஹராம்" என்று எழுதிய தம்பிக்கும் ஒரு வார்த்தை. யம் சா வளர்ந்த குவாங்சோ நகரில்தான் சீனாவின் மிகப் பழைய பள்ளிவாசல்களில் ஒன்றான ஹுவாய்ஷெங் பள்ளி இருக்கிறது. அரபு வணிகர்கள் கப்பலில் வந்து இறங்கிய துறைமுகம் அது. சீனாவில் பரம்பரை பரம்பரையாக முஸ்லிம்களாக வாழும் ஹூயி மக்கள் இருக்கிறார்கள். ஹலால் உணவைக் குறிக்க அவர்களிடம் "சிங்ஜென்" என்று தனிச் சொல்லே இருக்கிறது. ஒரு சமையலை ஹராமாக்குவது அதற்குள் போடும் பொருள். சமைப்பவரின் இனம் அல்ல.

நம்ம கல்யாண வீடுகளை யோசித்துப் பாருங்கள். என்னோடு படிப்பிக்கும் இந்து ஆசிரியைகள் வருகிறார்கள். சிங்கள நண்பர்கள் வருகிறார்கள். மாட்டிறைச்சிச் சஹன் ஒரு பக்கம் போகும். அவர்கள் வேறு மேசையில் இருந்து கோழியும் சோறும் சாப்பிடுவார்கள், சிலர் வட்டிலாப்பமும் வாழைப்பழமும் மட்டும் எடுப்பார்கள். படம் எடுத்துக்கொண்டு சந்தோஷமாகப் போவார்கள். அந்தப் படத்தை வைத்து, "முஸ்லிம் வீட்டில் மாடு தின்றாள்" என்று அவர்களுடைய ஊரில் யாராவது அந்த ஆசிரியையை அவமானப்படுத்தினால் நமக்கு எவ்வளவு வேதனையாக இருக்கும்? அடுத்த கல்யாணத்துக்கு அவர் வருவாரா?

நான் மௌலவி அல்ல. ஹராமான உணவு பரிமாறப்படும் மேசையில் உட்காரலாமா என்பதில் ஒருவருக்கு உறுத்தல் இருந்தால் அவர் ஒதுங்கிக்கொள்ளட்டும், அந்தப் பேணுதலை நான் மதிக்கிறேன். ஆலிம்களிடம் கேட்கட்டும். மருமகனிடம் தனியாக, "தம்பி, என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்டிருந்தாலும் தப்பில்லை. அதுதான் நஸீஹத். கேட்காமலே தீர்ப்புச் சொல்லி, அதை நாலு குழுமத்துக்கு அனுப்புவது நஸீஹத் அல்ல. தப்பெண்ணம், துருவி ஆராய்தல், புறம் பேசுதல் மூன்றையும் தடுக்கிற சூரத்துல் ஹுஜுராத்தின் 12ஆவது வசனத்தை ஓதிக் கொடுத்துத்தான் நாம் பிள்ளைகளை வளர்க்கிறோம். வாய்க்குள் போவதைப் பேணுகிற நாம் வாயிலிருந்து வருவதையும் பேண வேண்டாமா?

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்கிறேன். கூட வேலை செய்பவர்கள் அழைத்தால், சொல்லாமல் கொள்ளாமல் நழுவவும் வேண்டாம், வெட்கத்துக்காக வாயில் போட்டுக்கொள்ளவும் வேண்டாம். எது ஆகும், எது ஆகாது என்று தெளிவாகச் சொல்லுங்கள். அடுத்த முறை ஹலால் கடைக்கு நீங்கள் அவர்களை அழையுங்கள். நல்ல மனிதர்கள் புரிந்துகொள்வார்கள்.

எழுதியவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். அதில் இரண்டு பேர் என்னிடம் படித்தவர்கள். பெயர் சொல்ல மாட்டேன். என் தங்கச்சியின் வீடு எங்கே என்று உங்களுக்குத் தெரியும். அஸருக்குப் பிறகு வீட்டில்தான் இருப்பாள். போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். தேத்தண்ணி தராமல் அனுப்ப மாட்டாள்.

அல்லாஹ் நம் எல்லோருடைய பிழைகளையும் பொறுத்துக்கொள்வானாக.