ஆரியசாலையில் ஒரு ஃபியட்

காலை ஆறே முக்காலுக்குள் வண்டியை ஆரியசாலைத் தெருவைவிட்டு வெளியே எடுத்துவிட வேண்டும். ஏழு மணிக்கு மேல் திருவனந்தபுரம் சாலைக் கம்போளம் நம் கையில் இல்லை. வெங்காய லாரியும் வாழைக்குலை லாரியும் வந்து நின்றுவிடும். சுமட்டுத் தொழிலாளிகள் தலையில் மூட்டையோடு குறுக்கும் நெடுக்கும் போவார்கள். அதற்கு நடுவில் ஒரு காரைத் திருப்புவது நடக்கிற காரியமில்லை. அதனால் ஆறரைக்கே இறங்கிவிடுவேன். சோக்கை முழுக்க இழுத்து, ஆக்சிலேட்டரை இரண்டு தடவை மிதித்துவிட்டுச் சாவியைத் திருப்பினால், மூன்றாவது சுற்றில் எஞ்சின் பிடிக்கும். பிடித்ததும் பறந்துவிடக் கூடாது. இரண்டு நிமிஷம் நின்ற இடத்திலேயே இரையவிட்டு, சோக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ள வேண்டும். பிறகு கிள்ளிப்பாலம், கரமனை, நேமம், பாலராமபுரம் என்று பழைய ரோட்டில் நெய்யாற்றின்கரை. வேலை அங்கே. போக வரச் சுமார் 40 கிலோமீட்டர், வாரத்தில் ஐந்து நாள்.

வண்டி 1984 மாடல் பிரீமியர் பத்மினி. அப்பா சாலைக் கம்போளத்தில் அங்காடி மருந்துக் கடை வைத்திருந்த காலத்தில் பணம் கட்டிக் காத்திருந்து வாங்கியது. பெயர்ப்பட்டையில் பத்மினி என்றிருந்தாலும் இந்தத் தெருவுக்கு அது ஃபியட்தான். பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் 1964-இல் ‘ஃபியட் 1100 டிலைட்’ என்று செய்யத் தொடங்கிய அதே வண்டி. பத்து வருஷம் கழித்துத்தான் பத்மினி ஆயிற்று. சித்தூர் ராணியின் பெயர் என்பார்கள். அம்மா கடைசிவரை அது நடிகை பத்மினியின் பெயர் என்றே நம்பினாள். பூஜப்புரைக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள், திருவிதாங்கூர் சகோதரிகளின் ஊர்க்காரி, வேறெப்படி நம்புவாள்?

1089 சிசி எஞ்சின். கியர் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில், கையில். முன்சீட் ஒரே பெஞ்சு. நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். சின்ன வயதில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து சுசீந்திரம் தேருக்குப் போன பாதையில்தான் இன்றைக்கும் தினமும் கொஞ்ச தூரம் போகிறேன்.

2015-இல் அப்பா போன பிறகு, மூன்று வருஷம் வண்டி கடைக்குப் பின்னாலிருந்த கிடங்கில் கிடந்தது. ஒரு வண்டியைக் கெடுக்க வேண்டுமென்றால் அதை ஓட்டாமல் வைத்தால் போதும் என்பதை அந்த மூன்று வருஷத்தில் கற்றுக்கொண்டேன். பக்கத்துக் கிடங்கு அரிசிக் கிடங்கு. எலிகள் சுவர் தாண்டி வந்து டாஷ்போர்டுக்குப் பின்னாலிருந்த ஒயர்களைக் கடித்துத் துப்பியிருந்தன. டாங்கில் இருந்த பெட்ரோல் பழைய வார்னிஷ்போல நாறியது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கக்கூடியது. அந்த ஈரத்தில் வீல் சிலிண்டர்களின் உட்சுவர் துருப்பிடித்து, நாலு சக்கரமும் இறுகிவிட்டன. வாட்டர் பம்ப் சீல் காய்ந்து வெடித்திருந்தது. ஓடுகிற வண்டியில் எண்ணெய் எல்லா இடத்துக்கும் போகும், ரப்பர் நனைந்துகொண்டே இருக்கும், பேட்டரி ஏறி இறங்கும். நின்றுவிட்டால் எல்லாம் ஒன்றாகச் சாகத் தொடங்கும்.

ஆக்கர் கடைக்காரர் வந்து பார்த்தார். இரும்பு விலை போட்டு 18 ஆயிரம் சொன்னார். நியாயமான விலைதான். என் தம்பி சரி என்றான். நான் ஒரு வாரம் தவணை கேட்டு, கரமனை ஆற்றங்கரைப் பக்கம் ஒர்க்ஷாப் வைத்திருக்கும் ஆசானைத் தேடிப் போனேன்.

எங்கள் பக்கத்தில் களரி சொல்லித் தருகிறவரும் ஆசான்தான், வண்டி பார்க்கிறவரும் ஆசான்தான். களியக்காவிளைக்காரர், அப்போதே அறுபத்தைந்துக்கு மேல். அப்பா காலத்திலிருந்து இந்த வண்டியைத் தெரிந்தவர். கிடங்குக்கு வந்து பானட்டைத் திறக்கவே இல்லை. டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, ரப்பர் பாயைத் தூக்கி, பெடலுக்குக் கீழே தகரத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரல் உள்ளே போய்விட்டது. எடுத்துப் பார்த்தால் செம்மண்போலத் துரு. பிறகு பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்துக் கதவின் அடிப்பாகத்தில் வைத்தார். ஒட்டவில்லை. கொஞ்சம் மேலே வைத்தார், ஒட்டியது. அவர் காந்தத்தை நகர்த்திக்கொண்டே போக, எங்கே தகரம் இருக்கிறது, எங்கே வெறும் புட்டி இருக்கிறது என்று ஒரு படம்போல எனக்குத் தெரிந்தது. முன்பு எப்போதோ ஒரு ஒர்க்ஷாப்பில் துருவை வெட்டி எடுக்காமல் மேலேயே புட்டியை அப்பி வெள்ளை அடித்துத் தந்திருக்கிறார்கள். அப்பா முழுப் பணமும் கொடுத்திருப்பார்.

“எஞ்சினைப் பத்திப் பேசாண்டாம். எஞ்சினை எப்ப வேணும்னாலும் நேராக்கலாம். தரை போனா வண்டி போச்சு. மக்களே, இதைக் காட்சிக்கு வைக்கவா, ஓட்டவா?”

“ஓட்டத்தான், ஆசானே. தினமும்.”

“அப்படின்னா செய்யலாம். சும்மா நிறுத்தி வைக்கதுக்குன்னா நான் கை வைக்க மாட்டேன்.”

ஃபியட்டில் தனிச் சட்டகம் கிடையாது. தரையும் பக்கவாட்டுத் தகரமும் சேர்ந்துதான் முதுகெலும்பு. அதனால் பாடி வேலைக்கே நாலு மாதம் ஆயிற்று. உளியால் துரு பிடித்த தகரத்தை நல்ல இரும்பு வெளுத்துத் தெரிகிற வரைக்கும் வெட்டினார்கள். வெட்டி முடித்த அன்று டிரைவர் சீட் இருக்கும் இடத்தில் நின்றால் ஒர்க்ஷாப் மண் தெரிந்தது. புதுத் தகரத்தை அளந்து, பழைய தரையில் இருந்த அதே வரிப் பள்ளங்களை மரச் சுத்தியால் தட்டி எடுத்து, விட்டு விட்டு வெல்டிங் வைத்தார்கள். தொடர்ச்சியாக வைத்தால் சூட்டில் தகரம் முறுக்கிக்கொள்ளும். மேலே ரெட் ஆக்சைடு, அடியில் தார்ப்பூச்சு. இரண்டு மழைக்காலமும் கடல் காற்றும் உள்ள ஊரில் அந்தத் தார்ப்பூச்சை வருஷா வருஷம் பார்த்தாக வேண்டும். பெயின்ட் அதன் பிறகுதான். எங்கள் வீட்டில் எல்லோரும் பெயின்டைத்தான் பாராட்டினார்கள். எனக்கு இன்றும் பெருமை அந்தப் பாய்க்குக் கீழே இருக்கிற தரையில்தான்.

எஞ்சினுக்குப் போர் போட்டு பிஸ்டன் மாற்றியதும், வால்வ் கிரைண்ட் செய்ததும் ஒரு லேத்தில் மூன்றே நாளில் முடிந்தது. உதிரிப்பாகங்கள்தான் அலையவிட்டன. பாதி சென்னை புதுப்பேட்டையிலிருந்து வந்தது. மீதி மும்பையிலிருந்து. அங்கே டாக்ஸியாக ஓடிய கறுப்பு மஞ்சள் பத்மினிகள் ஒவ்வொன்றாக உடைபட உடைபட, அவற்றின் உறுப்புகளை வைத்து நாடு முழுக்க என்னைப் போன்றவர்களின் வண்டிகள் ஓடின. கடைசி பத்மினி டாக்ஸி அங்கே 2003-இல் பதிவானது. இருபது வருஷக் கெடு முடிந்து 2023 அக்டோபரில் அதுவும் ஓய்ந்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று, கிடைத்த வரைக்கும் ஒரு செட் வீல் சிலிண்டரும் கிளட்ச் பிளேட்டும் வாங்கி அட்டத்தில் வைத்தேன்.

2019-இல் டெஸ்டுக்குக் கொண்டுபோனோம். பதினைந்து வருஷம் தாண்டிய சொந்த வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பிரேக், விளக்கு, புகை எல்லாம் பார்ப்பார்கள். பாஸாயிற்று. 2024-இலும் பாஸாயிற்று. அடுத்தது 2029. அதற்குள் கணக்கு மாறிவிட்டது. 2022 வரைக்கும் காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாய். பிறகு ஐயாயிரம் ஆக்கினார்கள். 2025 ஆகஸ்டில், இருபது வருஷம் தாண்டியிருந்தால் பத்தாயிரம் என்று மத்திய அரசு அறிவித்தது. அதே வருஷம் கேரள பட்ஜெட்டில் பதினைந்து வருஷம் கடந்த சொந்தக் கார்களுக்கு வரி 50 சதவீதம் கூடியது.

பணத்தைக்கூட விடலாம். இதற்குப் பின்னால் இருக்கிற எண்ணம் தவறு என்று நினைக்கிறேன். புகை கக்குகிற வண்டியை நிறுத்துங்கள், பிரேக் பிடிக்காததை நிறுத்துங்கள். ஒவ்வொரு ஞாயிறும் அடியில் படுத்துப் பார்க்கப்படுகிற வண்டிக்கும், இருபது வருஷமாக யாரும் கை வைக்காத வண்டிக்கும் வயது ஒன்று என்பதால் ஒரே அபராதம் எப்படி நியாயமாகும்? ஐம்பது வயது தாண்டினால் விண்டேஜ் என்று பதியலாம்; 2021-இல் வந்த விதி அது, ‘வி.ஏ.’ எழுத்தோடு எண் கொடுப்பார்கள். ஆனால் அப்படிப் பதிந்தால் கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும், பெட்ரோல் போடவும் ரிப்பேருக்கும்தான் ரோட்டில் இறக்கலாம். வேலைக்குப் போக முடியாது. என் ஃபியட்டுக்கு 2034-இல் ஐம்பது ஆகும். அன்றைக்கு அந்த எண்ணைக் கேட்டு நான் போக மாட்டேன்.

பழைய வண்டியை விடாமல் ஓட்டுவதைத் திருவனந்தபுரத்தில் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. அரச குடும்பத்தின் உத்ராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா 1950களில் வாங்கிய மெர்சிடிஸ் பென்ஸ் 180-ஐ 2013-இல் மறையும் வரைக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. சி.ஏ.என். 42 என்ற எண்ணைச் சொன்னாலே கிழக்கே கோட்டைப் பக்கத்துப் பெரியவர்களுக்கு வண்டி கண்ணில் வந்துவிடும். லட்சக்கணக்கான மைல் ஓடியது என்று பத்திரிகைகள் எழுதின. ஓடியதால்தான் அது இருந்தது.

தினசரி ஓட்டத்துக்கு என்ன செலவாகிறது என்று நெய்யாற்றின்கரையில் கூட வேலை பார்ப்பவர்கள் கேட்பார்கள். நேரம்தான் பெரிய செலவு. ஞாயிறு காலை ஒன்றரை மணி நேரம். கிங் பின் நிப்பிள்களில் கிரீஸ் அடிக்க வேண்டும், பழைய கிரீஸ் வெளியே பிதுங்கி வருகிற வரைக்கும். ரேடியேட்டர் தண்ணீர், பிரேக் ஆயில், ஃபேன் பெல்ட். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிப் பாயிண்டைத் துடைத்து இடைவெளி பார்க்க வேண்டும். எலெக்ட்ரானிக் இக்னிஷனுக்கு மாற்றும்படி பலரும் சொன்னார்கள். மாற்றவில்லை. பாயிண்ட் மக்கர் செய்தால் பாலராமபுரத்து ஓரத்தில் நானே உப்புத்தாள் வைத்துத் தேய்த்து வீடு வந்து சேரலாம். எலெக்ட்ரானிக் பெட்டி போனால் வண்டியைக் கட்டி இழுத்துத்தான் வர வேண்டும்.

இப்போது புதுத் தலைவலி பெட்ரோல். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் எல்லா பங்கிலும். எத்தனால் தண்ணீரை இழுக்கும். டாங்க் அடியில் அது தங்கித் துரு பிடிக்கும். பழைய ரப்பர் ஹோஸ் ஊறிப் பிசுபிசுத்துப் போகும். போன வருஷம் நேமத்தில் பெட்ரோல் வாடை மூக்கைத் துளைத்தது. ஓரம் கட்டிப் பானட்டைத் தூக்கினால், பம்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகிற ஹோஸ் மெழுகுபோல இளகி, முனையில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. கீழே சூடான சைலன்ஸர் குழாய். அன்றைக்கு என் கை நடுங்கியது. அடுத்த நாளே எத்தனால் தாங்குகிற ஹோஸ் முழுக்கப் போட்டு, கார்புரேட்டர் டயாபிரத்தையும் மாற்றி, ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கினோம். பழைய வண்டி வைத்திருக்கிற யாராவது இதைப் படித்தால், மற்றதை விட்டுவிட்டு முதலில் அந்த ஹோஸை விரலால் அழுத்திப் பாருங்கள்.

இந்த வண்டியில் காரோடு ஊருக்குப் போகும் பைபாஸில் ஏற மாட்டேன். அங்கே எல்லோரும் நூறில் போகிறார்கள். டிரம் பிரேக்கில் நூறு கிலோமீட்டர் வேகத்தை நம்பி அடுத்தவர் உயிரோடு விளையாட எனக்கு உரிமை இல்லை. பழைய ரோட்டில் ஐம்பது, முன்னால் போகிற வண்டிக்கும் எனக்கும் இரண்டு வண்டி இடைவெளி. கிள்ளிப்பாலத்தில் தண்ணீர் ஏறினால் பஸ். 2015-இல் ‘ஆபரேஷன் அனந்தா’ என்று ஓடைகளைத் திறந்துவிட்ட பிறகும், பெருமழைக்குக் கிழக்கே கோட்டையும் தம்பானூரும் குளமாவது நிற்கவில்லை. ஆற்றுக்கால் பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் வண்டியைத் தெருவிலிருந்து எடுத்து ஆசான் ஒர்க்ஷாப்பில் விடுவேன். பொங்கல் வைக்கிற பெண்களின் அடுப்புக்கல் வாசல் வரைக்கும் வந்துவிடும். அந்த இரண்டு நாளில் அவர் பிரேக்கைக் கழற்றிப் பார்த்துவிடுவார்.

ஆசானுக்கு இந்த வருஷம் எழுபத்திநாலு. ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, மற்றதில் பார்வை மங்கல். கூட இருந்த பையன் துபாய்க்குப் போய்விட்டான். புதிதாக வருகிறவர்கள் ஸ்கேனரைச் சொருகிப் பார்க்கத் தெரிந்தவர்கள். இந்த வண்டியில் சொருக இடமில்லை. அதனால் ஆறு மாதமாக அவர் பெஞ்சில் உட்கார, நான்தான் செய்கிறேன். போன ஞாயிறு பாயிண்டில் ஃபீலர் கேஜை நுழைத்து, ஸ்க்ரூவை இறுக்கி, மூடியைப் போட்டு, டைமிங் பார்க்க ஸ்டார்ட் செய்தேன். ஆசான் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

“சரியா இருக்கா, ஆசானே?”

“இன்னும் ஒரு நூல் திருப்பு. அந்தப் பக்கம் இல்ல. ஆங். விடு, விடு. இப்ப முறுக்கு.”

இறுக்கினேன். இரைச்சல் தாழ்ந்து ஒரே சீராயிற்று. அவர் எழுந்து வந்து பானட் ஓரத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

“உள்ள வரும்போ பின்பட்டை புஷ் சத்தம் கேட்டுது. அடுத்த ஞாயிறு ஜாக்கி எடுத்துட்டு நேரத்தே வா, மக்களே.”