ஏட்டுச் சுரைக்காயும் எட்டுக் கம்பியும்

"சி.சி.என்.ஏ. முடிச்சுட்டா வேலை நிச்சயம்" என்கிறார்கள். 1998-ல் சிஸ்கோ நிறுவனம் கொண்டுவந்த இந்தச் சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்கே செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும். கைப்பழக்கத்துக்கு அப்படிக் கெடு உண்டா?

பயிற்சிக்காகத் துறைமுகம் பக்கம் ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். திடீர்னு நெட்வொர்க் படுத்துடுச்சு. சான்றிதழ் வாங்கிய அண்ணன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கேபிள் இழுக்கும் அண்ணாச்சி வந்து பிளக்கைக் கழற்றினார். உப்புக்காத்து பட்டு பின்களில் பச்சைக் களிம்பு! நுனியை வெட்டி, எட்டுக் கம்பிகளையும் நிற வரிசைப்படி அடுக்கி, புது பிளக் மாட்டி அழுத்தினார். பத்தே நிமிஷம்!

அதனால் படிப்பு வீணா? இல்லவே இல்லை. மறுவாரம் இரண்டு கணினிகளுக்கு ஒரே ஐ.பி. முகவரி விழுந்தது. அதைக் கண்டுபிடிச்சது அதே அண்ணன்தான், அண்ணாச்சிக்குப் பிடிபடவில்லை.

சிஸ்கோவே தன் உயர்நிலைச் சான்றிதழான சி.சி.ஐ.இ.க்கு எட்டு மணி நேரச் செய்முறைத் தேர்வு வைக்கிறது. ஏட்டோடு கையும் வேண்டும் என்பதற்கு வேறு சாட்சி எதற்கு?

1961 வரை முத்துக்குளித்த கடற்கரை நம்முடையது. கரையில் நின்றவன் முத்தெடுத்ததில்லை. ஆய்வகத்தை மாலையிலும் திறந்துவிட நிர்வாகத்தைக் கேட்போம். முதலில் கிரிம்பிங் டூலைப் பிடிப்போம். தேர்வுக்கு அப்புறம் பணம் கட்டுவோம்!